சொல்லிவிட்டுப் பழுதாகும் பெட்டி: சின்ன அலுவலகத்துக்கான டவர் சர்வர், ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேகத்துக்காக மட்டும் சர்வர் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வகைப் பெட்டி ஏமாற்றம்தான். இதே விலைக்கு நல்ல டெஸ்க்டாப் ஒன்றை எடுத்தால் ப்ராசஸரில் கோர் (கணக்கிடும் பிரிவு) அதிகம், கிளாக் வேகம் அதிகம், சத்தம் குறைவு, ஆன் செய்த சில நொடிகளில் தயாராகிவிடும். அப்படியிருந்தும் எங்கள் அலுவலகத்தில் பழைய டெஸ்க்டாப்பை ஓரங்கட்டிவிட்டு டவர் சர்வர் ஒன்றை வைத்தோம், ஓராண்டுக்கு மேலாக ஓடுகிறது, யாராவது கேட்டால் இந்த வகையையே வாங்கச் சொல்கிறேன்.

பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. சில குறைகளையும் எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த வகுப்பில் பெரிய கம்பெனிகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே பெட்டியைத்தான் வேறு வேறு முகப்போடு விற்கின்றன: ஒரே ஒரு இன்டெல் ஸியான் இ ப்ராசஸர், நான்கு ரேம் ஸ்லாட், 3.5 அங்குல டிஸ்க் நான்குக்கு இடம், கிகாபிட் நெட்வொர்க் போர்ட் இரண்டு, தூரத்திலிருந்து நிர்வகிக்க ஒரு தனிச் சிப். எங்களிடம் இருப்பதும் அதுவே. இருபது சொச்சம் பேர் வேலை செய்யும் இடம். கணக்கு மென்பொருள், எல்லோருக்கும் பொதுவான ஃபைல் ஷேர், சரக்கு ஸ்டாக் பார்க்க உள்ளுக்குள் மட்டும் திறக்கும் ஒரு வெப் அப்ளிகேஷன், இவைதான் அதில் ஓடுகின்றன. ரொம்பச் சாதாரணமான பயன்பாடு, பெரும்பாலான சின்ன அலுவலகங்களின் தேவை இதுதான் என்பதால்தான் எழுதுகிறேன்.

சர்வர் என்றால் ஏதோ தனி ஜாதி இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். 1990-ல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் சர்வரை ஓட்டியது மேசையில் வைக்கிற ஒரு நெக்ஸ்ட் கணினியில்தான். அதன் மேல் சிவப்பு மையில் "இந்த இயந்திரம் ஒரு சர்வர், அணைக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தார். அந்த ஒட்டுத்தாளில் இருக்கிற விஷயம்தான் இன்றைக்கும் விஷயம். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் கணினியும் சர்வர்தான், உங்கள் லேப்டாப்பும்கூட. கம்பெனிகள் "சர்வர்" என்று லேபிள் போட்டு அதிக விலைக்கு விற்பது அந்த இரண்டாவது பாதியை, அதாவது அணைக்காமல், நிற்காமல், கெட்டால்கூட முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடும் திறனை. அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் லேபிளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்தால்தான் எந்தப் பாகத்துக்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்பது புரியும். சர்வரில் ஒவ்வொரு சேவையும் ஒரு போர்ட் எண்ணைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். வெப் என்றால் 443, விண்டோஸ் ஃபைல் ஷேர் என்றால் 445, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால் 5432. யாரோ ஒருவர் தன் கணினியில் ஒரு பில்லைத் திறந்தால் அந்தக் கோரிக்கை நெட்வொர்க் கார்டு வழியாக வந்து, ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதை எந்தப் போர்ட்டுக்கு என்று பார்த்து உரிய புரோகிராமிடம் தள்ளும், அது டேட்டாபேஸைக் கேட்கும், டேட்டாபேஸ் முதலில் ரேமில் தேடும், அங்கே இருந்தால் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும், இல்லையென்றால்தான் டிஸ்க்குக்குப் போகும். அதனால் படிப்பதைப் பொறுத்தவரை ரேம் போதுமான அளவு இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது, அடிக்கடி தொடும் தகவல் எல்லாம் கொஞ்ச நேரத்தில் ரேமிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

எழுதுவதுதான் வேறு கதை. பில்லைச் சேவ் செய்தால் ஒழுங்கான டேட்டாபேஸ் எதுவும் "ரேமில் வாங்கிக்கொண்டேன், சரி" என்று சொல்லி முடித்துவிடாது, ஏனென்றால் அடுத்த நொடி கரண்ட் போனால் அந்தப் பில் இல்லை. முதலில் ஒரு லாக் ஃபைலில் எழுதி, அது நிஜமாகவே பதிந்துவிட்டது என்று டிஸ்க் உறுதி சொன்ன பிறகுதான் பயனருக்கு "சேவ் ஆகிவிட்டது" என்று காட்டும். ஆக, சேவ் பட்டனை அழுத்திவிட்டு ஆட்கள் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் டிஸ்க்கின் நேரம். சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட், அதோடு தலை நகரும் நேரமும் சேர்ந்தால் அங்கங்கே சிதறிக் கிடக்கும் இடங்களில் நொடிக்கு நூறு சொச்சம் வேலைகளுக்கு மேல் செய்ய முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கில் உட்காரும்போது பழைய கணினியில் ப்ராசஸர் சும்மா கிடக்கும், டிஸ்க் வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும், ஆட்கள் "சர்வர் ஸ்லோ" என்பார்கள், விற்பனையாளர் பெரிய ப்ராசஸர் வாங்கச் சொல்வார். இந்த ஆலோசனையை நம்பி எத்தனை அலுவலகங்கள் தேவையில்லாத கோர்களை வாங்கி வைத்திருக்கின்றனவோ.

அதனால் ப்ராசஸரைப் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஸியான் இ வரிசையில் அதிகபட்சம் எட்டு கோர், எங்களுக்கு நான்கே போதும், பெரும்பாலான நேரம் பத்து சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை.

டிஸ்க்கில்தான் யோசிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் எந்த எஸ்எஸ்டியும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். லேப்டாப்பில் போடும் வகை, வேகம் காட்டுவதற்காகத் தகவலை முதலில் தன் உள் கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வாங்கிக்கொள்ளும். டேட்டாபேஸ் "நிஜமாகப் பதிந்ததா" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் கேஷைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகம் அங்கே மளமளவென்று சரிந்துவிடும். சர்வருக்கான எஸ்எஸ்டியில் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கின்றன, கரண்ட் போனாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவை மின்சாரம் கொடுக்கும், அந்தத் தைரியத்தில் டிஸ்க் உடனே "பதிந்தது" என்று பதில் சொல்ல முடிகிறது. டேட்டாபேஸுக்கு இதுதான் நிஜமான வேக வித்தியாசம், பெட்டியின் மேல் போட்டிருக்கும் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற எண் அல்ல. தினமும் எவ்வளவு எழுதினால் தாங்கும் என்பதையும் இவற்றுக்கு டிடபிள்யூபிடி என்ற அளவில் சொல்வார்கள், 1 என்றால் வாரண்டி காலம் முழுக்கத் தினமும் ஒருமுறை டிஸ்க் கொள்ளளவு முழுவதையும் எழுதலாம். எங்கள் மாதிரி இடத்துக்கு அதுவே தாராளம்.

எங்கள் அமைப்பு இது: சர்வர் வகை சாட்டா எஸ்எஸ்டி இரண்டு ஜோடியாக, அதில் டேட்டாபேஸும் மற்ற மென்பொருளும், பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு இன்னொரு ஜோடியாக, அதில் ஃபைல்கள். இரண்டு ஜோடியும் ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். நான்கு டிஸ்க்கையும் சேர்த்து, தகவலையும் அதற்கான சரிபார்ப்புத் தகவலையும் எல்லாவற்றிலும் பரப்பி எழுதும் ரெய்டு 5 போட்டால் இடம் மிச்சமாகும்தான், ஒரு டிஸ்க் போனால் தாங்கவும் செய்யும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும் வேலைக்கு அது மெதுவானது, ஒவ்வொரு முறையும் பழையதைப் படித்து, சரிபார்ப்புத் தகவலைக் கணக்கிட்டு, மறுபடி எழுத வேண்டும். அதோடு பெரிய டிஸ்க்குகளில் ஒன்று போய் மாற்றுடிஸ்க்கை நிரப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. நான்கு டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்கவே ஏழு மணி நேரத்துக்கு மேல், அதுவும் யாரும் தொடாமல் இருந்தால்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போதும் டெஸ்க்டாப் வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு இடம் படிக்க முடியாமல் போனால் டெஸ்க்டாப் டிஸ்க் விடாப்பிடியாக நீண்ட நேரம் முயற்சி செய்யும், தனியாக இருக்கும் கணினியில் அது நல்ல குணம். ரெய்டில் அந்த நேரத்துக்குள், டிஸ்க்குகளை நடத்தும் கன்ட்ரோலர் பொறுமை இழந்து "இந்த டிஸ்க் செத்துவிட்டது" என்று வெளியே தள்ளிவிடும். நாஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் வைக்க மட்டுமான பெட்டி) வகை, எண்டர்பிரைஸ் வகை டிஸ்க்குகள் ஏழு நொடி மாதிரி ஒரு எல்லைக்குள் முயற்சியை நிறுத்திக்கொண்டு பிழையைச் சொல்லிவிடும், கன்ட்ரோலர் ஜோடியிலிருந்து எடுத்துச் சமாளித்துக்கொள்ளும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு காலையில் முன்பக்க விளக்கு நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறியிருந்தது, எனக்கு அதற்கு முன்பே மின்னஞ்சல் வந்துவிட்டது: இன்ன இடத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நிலையில் இருக்கிறது, இன்ன சீரியல் எண் என்று. ஃபைல் ஷேரில் வேலை செய்துகொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியாது. டெஸ்க்டாப்பில் இதே டிஸ்க் போயிருந்தால் நாங்கள் அறிந்திருக்கும் விதமே வேறு, யாரோ ஒருவர் "ஃபோல்டர் திறக்கலை" என்று கூப்பிட்டிருப்பார், அப்போது நேரம் கடந்திருக்கும். நான் இந்தப் பெட்டிக்குக் கொடுத்த கூடுதல் பணத்தின் பொருள் அந்த மின்னஞ்சல்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அதை அனுப்பியது ப்ராசஸரோ விண்டோஸோ இல்லை, மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு குட்டிக் கணினி. பொதுப்பெயர் பிஎம்சி. டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்று ஆளுக்கொரு பெயர், அடியில் எல்லாவற்றுக்கும் 1998-ல் இன்டெலும் வேறு சில கம்பெனிகளும் சேர்ந்து கொண்டுவந்த ஐபிஎம்ஐ என்ற தர அமைப்பின் வாசனை இருக்கிறது. இதற்குத் தனி ப்ராசஸர், தனி மென்பொருள், பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். பெரிய கணினி அணைந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். வீட்டில் உட்கார்ந்து ப்ரௌசரில் இதன் முகவரியைத் திறந்தால் சர்வரை ஆன் செய்யலாம், அணைக்கலாம், ஆன் ஆனதும் முதலில் வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போகலாம், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நிறுவல் ஃபைலைத் தூரத்திலிருந்தே டிவிடி போட்ட மாதிரிக் காட்டி முதலிலிருந்து நிறுவலாம். ஒருமுறை கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு சர்வர் எழும்பவில்லை, நான் அலுவலகத்தில் இல்லை, இருந்த இடத்திலிருந்தே திரையைப் பார்த்து முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்துக் கிளப்பிவிட்டேன். டெஸ்க்டாப்பாக இருந்தால் யாரையாவது போனில் பிடித்து "திரையில் என்ன எழுதியிருக்கிறது, படிங்க" என்று ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு எரிச்சல், முழுத் திரையையும் தூரத்திலிருந்து பார்க்கும் வசதிக்குத் தனி லைசென்ஸ் கேட்கிற மாடல்கள் உண்டு. அடிப்படைப் பதிப்பில் ஆன், ஆஃப், சென்சார் அளவுகள், லாக் மட்டும் வரும். ஏற்கனவே இருக்கிற சிப்பில் ஏற்கனவே இருக்கிற வசதியைத் திறக்க இன்னொரு கட்டணம். வாங்கும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அப்புறம், இந்தப் போர்ட்டை எக்காரணம் கொண்டும் இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள், முதல் வேலையாக ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், முடிந்தால் தனி நெட்வொர்க்கில் வையுங்கள், வெளியிலிருந்து விபிஎன் வழியாக மட்டும் போங்கள். இந்தச் சிப்பைக் கைப்பற்றியவர் கையில் மொத்த இயந்திரமும் இருக்கிறது, மேலே எந்த ஆன்டிவைரஸ் ஓடினாலும் அதற்குத் தெரியாது.

ரேமைப் பற்றி. இந்த வகை சர்வர்களில் இசிசி, அதாவது பிழை திருத்தும் ரேம் போட வேண்டும். 64 பிட் தகவலோடு 8 பிட் கூடுதலாகச் சேமித்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு பிட் புரண்டால் திருத்த முடியாவிட்டாலும் கண்டுபிடித்து நிறுத்திவிடும். ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட யோசனையின் வழிவந்ததுதான் இது. கேமிங் கணினியில் ஒரு பிட் புரண்டால் அதிகபட்சம் ஒரு புள்ளி நிறம் மாறும் அல்லது விளையாட்டு நின்றுபோகும். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் கணக்கு டேட்டாபேஸில் புரண்டால் அது தவறான எண்ணாக டிஸ்க்கில் பதிந்து, அங்கிருந்து பேக்கப்புக்கும் போய், யாருக்கும் தெரியாமல் கிடக்கும். இங்கேயும் அதே குணம்: எந்த ஸ்லாட்டில் திருத்தங்கள் அதிகமாகின்றன என்று லாக்கில் எழுதிவைக்கும், அந்த மாட்யூல் மோசமாவதற்கு முன்னால் மாற்றிவிடலாம். வாங்குபவர்கள் கவனிக்க, ஸியான் இ வகைக்கு அன்பஃபர்டு இசிசி மட்டுமே சேரும். பெரிய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் ரெஜிஸ்டர்டு மாட்யூல்கள் ஓடாது. நான்கு ஸ்லாட்டையும் சின்ன மாட்யூல்களால் நிரப்பாமல் இரண்டில் பெரிதாகப் போட்டுவிட்டு இரண்டைக் காலியாக வையுங்கள்.

மென்பொருள் பக்கம். நேரடியாக ஒரே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல் அடியில் ஒரே பெட்டியைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, கணக்குக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் ஆன தனிக் கணினி), ஃபைலுக்கு ஒன்று, வெப்புக்கு ஒன்று என்று பிரித்தோம். ஒன்றில் அப்டேட் செய்து சொதப்பினால் மற்றவை பாதிக்காது, அப்டேட்டுக்கு முன்னால் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துக்கொண்டால் சில நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம், நாளைக்கு வேறு சர்வர் வாங்கினால் விர்ச்சுவல் மெஷினை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். முன்பெல்லாம் இந்தப் பிரிக்கும் வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு விஎம்வேர் கம்பெனியின் மென்பொருள் என்பார்கள். 2023 கடைசியில் பிராட்காம் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றிவிட்டது, சின்ன இடங்களுக்கு இப்போது ப்ராக்ஸ்மாக்ஸோ மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியோதான் பொருத்தம்.

விண்டோஸ் சர்வர் வேண்டும் என்றால் பெட்டியின் விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போட்டுவிடாதீர்கள். ஸ்டாண்டர்டு பதிப்புக்குக் கோர் கணக்கில் லைசென்ஸ், உங்கள் ப்ராசஸரில் நான்கே கோர் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும், அதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் வரை அனுமதி. அது போக, பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ சாதனத்துக்கோ சிஏஎல் என்ற தனி உரிமம், எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து வேலை செய்வதானால் அதற்கு இன்னொரு சிஏஎல். கணக்கு மென்பொருள் விண்டோஸைக் கேட்டதால் அதற்கு மட்டும் எடுத்தோம், ஃபைல் ஷேருக்கு லினக்ஸும், அதில் விண்டோஸ் ஃபைல் ஷேரைத் தரும் சாம்பாவும், வெப்புக்கு லினக்ஸும் போஸ்ட்கிரஸும். ஒரு குறையும் இல்லை.

குறைகள் என்று பார்த்தால் முதலில் சத்தம். ஆன் செய்த உடனே விசிறிகள் முழு வேகத்தில் கத்தும், பிறகு அடங்கிவிடும், ஆனால் கம்பெனி அங்கீகரிக்காத கார்டு ஏதாவது செருகினால் அதன் வெப்பம் தெரியாததால் பாதுகாப்புக்காக விசிறியைக் கூட்டியே வைத்திருக்கும். ஆட்கள் உட்காரும் அறையில் வைக்க வேண்டாம். அடுத்து, எழும்ப ரொம்ப நேரம். ரேம் சோதனை, கன்ட்ரோலர், நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வர நிமிடங்கள் ஆகும், முதல் தடவை பார்ப்பவர் செத்துவிட்டது என்றே நினைப்பார்.

சப்போர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "அடுத்த வேலை நாள், நேரில்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்த ஆரஞ்சு விளக்குக்காகக் கூப்பிட்டபோது முதலில் லாக் மூட்டையை அனுப்பச் சொன்னார்கள், பிறகு கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் (உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பழையது, அதை அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள் என்றார்கள், டிஸ்க்கே தன் வாயால் பழுது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது. அதெல்லாம் முடிந்து "பழுது உறுதி" என்று அவர்கள் பதிவு செய்த பிறகுதான் அடுத்த வேலை நாள் என்ற கணக்கே ஆரம்பித்தது. டிஸ்க் வந்தது, வந்த டெக்னீஷியன் நன்றாகவே வேலை செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தை நம்பி இருக்காமல் அதே அளவுள்ள டிஸ்க் ஒன்றை அலமாரியில் வாங்கி வைப்பது நல்லது என்பது என் முடிவு. ஃபர்ம்வேர் அப்டேட்டையே சப்போர்ட் ஒப்பந்தம் இருந்தால்தான் தரும் கம்பெனிகளும் உண்டு, வாங்கும்முன் அதையும் கேளுங்கள்.

மின்சாரம் இன்னொன்று. எங்கள் மாடலில் ஒரே ஒரு பவர் சப்ளை, அது போனால் எல்லாம் நிற்கும். யூபிஎஸ் கட்டாயம். யூபிஎஸ் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அதோடு வரும் யூஎஸ்பி கேபிளை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைச் சர்வரில் செருகி, நட் (NUT) மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டால்தான் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குத் தெரியும், விர்ச்சுவல் மெஷின்களை ஒழுங்காக மூடிவிட்டுத் தானே அணையும். இல்லையென்றால் யூபிஎஸ் என்பது கரண்ட் போவதைச் சற்றுத் தள்ளிப்போடும் சாதனம், அவ்வளவுதான்.

பேக்கப் பற்றி எல்லோரும் எல்லா இடத்திலும் சொல்வதால் இரண்டே வார்த்தையில் முடிக்கலாம் என்றிருந்தேன், ஆனால் "ரெய்டு இருக்கே, அப்புறம் எதுக்கு பேக்கப்" என்ற கேள்வியை நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ரெய்டு என்பது ஒரே கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு நோட்டில் எழுதுவது. தப்பாக எழுதினால் இரண்டிலும் தப்பு, அடித்தால் இரண்டிலும் அடி. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பரவியபோது அது நுழைந்த வழி இதே ஃபைல் ஷேர் சேவையின் பழைய பதிப்பு, 445 போர்ட்தான். ரான்சம்வேர் ஃபைலைப் பூட்டினால் ரெய்டு மிகுந்த விசுவாசத்தோடு இரண்டு டிஸ்க்கிலும் பூட்டிய பிரதியை எழுதிவைக்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதியையே நாங்கள் பின்பற்றுகிறோம், தினமும் இரவு வேறொரு சின்ன நாஸுக்கும், அங்கிருந்து சங்கேதப்படுத்தி வெளியே ஒரு கிளவுடுக்கும். அவ்வப்போது ஒரு விர்ச்சுவல் மெஷினைப் பேக்கப்பிலிருந்து எழுப்பிப் பார்க்க வேண்டும், எழாத பேக்கப் டிஸ்க் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபைல் மட்டுமே.

கிளவுடு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. நியாயமான கேள்வி. அமேசான் 2006-ல் மணிக்கணக்கில் சர்வர் வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து வெளியார் பார்க்கும் வெப்சைட்டை அலுவலக மூலையில் ஓட்டுவதற்குக் காரணமே இல்லை. கூட்டம் வந்தால் பெரிதாக்கலாம், போனால் சுருக்கலாம், டிஸ்க் மாற்றும் தலைவலி அவர்களுடையது. ஆட்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை செய்கிறார்கள் என்றாலும் கிளவுடுதான். ஆனால் எல்லோரும் ஒரே கட்டடத்தில், பெரிய பெரிய ஃபைல்கள், நாள் முழுக்கத் திறந்து மூடுகிறார்கள் என்றால் உள் நெட்வொர்க்கில் கிகாபிட் கேபிள் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் தரும், இணைய லைன் போனாலும் வேலை நிற்காது. மாத வாடகை வருடக்கணக்கில் சேரும்போது எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சீரான, மாறாத வேலைக்குச் சொந்தப் பெட்டி பெரும்பாலும் ஜெயிக்கும், பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு ஆள் இருந்தால்.

கிளவுடிலும் பேக்கப் உங்கள் பொறுப்புதான் என்பதை மறக்க வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் கம்பெனியின் ஒரு டேட்டா சென்டர் கட்டடமே எரிந்துபோனது, வேறு இடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் தகவலை இழந்தார்கள். 99.9 சதவீதம் ஓடும் என்ற வாக்குறுதியும் கேட்க அழகாக இருக்கும், வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றாலும் வாக்குத் தவறவில்லை என்று அதற்கு அர்த்தம்.

வெறும் ஃபைல் ஷேர் மட்டும்தான் தேவை, டேட்டாபேஸோ விர்ச்சுவல் மெஷினோ வேண்டாம் என்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம், சினாலஜி, க்யூநாப் மாதிரி நாஸ் ஒன்று போதும், சத்தமும் மின்சாரமும் குறைவு, நிர்வாகமும் சுலபம். ஐந்தாறு பேர் இருக்கும் இடத்தில் கணக்கு மென்பொருளே இப்போது ப்ரௌசரில் வந்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

மற்றவர்கள் வாங்கலாம், ஆனால் இந்த வகுப்பிலேயே ஒரு படி மேலே உள்ள மாடலைப் பாருங்கள். எங்களுடையதில் டிஸ்க்குகள் உள்ளே கேபிளில் இணைந்திருப்பதால் மாற்றுவதற்குச் சர்வரை அணைத்து மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்து செய்தோம். ஹாட் ஸ்வாப் தட்டுகள் உள்ள மாடலில் முன்பக்கமாக இழுத்து, புதியதைத் தள்ளினால் ஓட ஓடவே முடிந்துவிடும், இரண்டு பவர் சப்ளையும் அந்த மாடலில்தான் வரும். பட்ஜெட் இடித்தால் ரேமைப் பாதியாகக் குறைத்தாவது அதை எடுங்கள், ரேமை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், கேபினெட்டை மாற்ற வழியில்லை. கொட்டேஷனில் "ஹாட் ஸ்வாப்" என்ற சொல் டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கிறதா, சேஸிஸின் (கேபினெட்டின்) வரியிலும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.